கீரைப்பாத்தியில் இறங்கிய ஜெர்மன் விமானம்

தென்காசியில் முட்டாள்கள் நிறைய என்று யாரும் சொல்லிவிட முடியாது. மூன்றே பேர்தான். மூன்று பேரும் ஒரே சங்கத்தில் இருந்ததுதான் ஊருக்கு வந்த சோதனை.

சங்கத்தின் பெயர் மாதிரி விமானச் சங்கம். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டி, பெயின்ட் அடித்து, கையகல விமானங்களாக்குவது அவர்கள் பொழுதுபோக்கு. தலைவர் ஆவுடையப்பன். செயலாளர் பூதத்தான். உறுப்பினர்கள் எல்லோரும் மாசானம்.

இந்த ஆவுடையப்பனுக்கு இலஞ்சியில் இருக்கும் குழல்வாய்மொழி மேல் உயிர். அவளுக்கும் அவன்மேல் பிரியம்தான். ஏன் என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. குறுக்கே நின்றவர் அவள் அப்பா திருமலைக்கொழுந்து, விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெண் கேட்கப் போன ஆவுடையப்பன், தான் செய்த பழைய காலத்து ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் நீட்டினான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்னல நிறம்? யுத்தத்துல ஜெர்மன்காரன் இப்படியா அடிச்சான்? மேலேருந்து பாத்தா தரை எது, விமானம் எதுன்னு தெரியப்படாது. கீழேருந்து பாத்தா வானம் எது, விமானம் எதுன்னு தெரியப்படாது. அதுதான் சரியான நிறம். அந்த நிறத்துல ஒண்ணு செஞ்சு கொண்டா, பொண்ணத் தாரேன். இல்லன்னா ஆவணியில அவளுக்கு வேற மாப்பிள்ளை.”

அவர் தட்டிக்கழிக்கத்தான் சொன்னார். ஆவுடையப்பன் அதை ஓர் எழுத்து விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு ஊர் திரும்பினான்.

சங்கம் கூடியது. புதுப் பெட்டியில் ஒரு தாள் இருந்தது. மேல்பக்கம் எழுபதாம் எண் பச்சையும் எழுபத்தொன்றாம் எண் பச்சையும் கோணல் பட்டைகளாக. அடிப்பக்கம் அறுபத்தைந்தாம் எண் வெளிர்நீலம்.

“நம்பர்னா என்னவே அர்த்தம்?” என்றான் மாசானம்.

“சொட்டுக் கணக்கு,” என்றான் பூதத்தான். “ஒண்ணு எழுபது சொட்டு. இன்னொண்ணு எழுபத்தோரு சொட்டு.”

“ஒரு சொட்டுதான வித்தியாசம்?”

“அங்கனதான் இருக்கு ஜெர்மன்காரன் சூட்சுமம். எதிரி குழம்பிருவாம்லா.”

மூவரும் ஜெர்மன்காரன் மூளைக்கு ஒரு கும்பிடு போட்டார்கள். பிறகு ஒரே டப்பாவிலிருந்து இரண்டு கிண்ணங்களில் எண்ணி எண்ணிச் சொட்டினார்கள். முடித்துப் பார்த்தால் எது எழுபது, எது எழுபத்தொன்று என்று மறந்துவிட்டது. தப்பு நடந்துவிடக் கூடாது என்று இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கி, மறுபடி சரியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

அடுத்தது வானம். பூதத்தான் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் விமானத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் கீழே மூவரும் மல்லாந்து படுத்தார்கள். அதுவோ சாரல் காலம். நீலத்தைக் கலக்கி அடிப்பதற்குள் குற்றால மலையிலிருந்து மேகம் இறங்கியது. சாம்பல் அடித்தார்கள். வெயில் வந்தது. நீலம் அடித்தார்கள். தூறியது. பூச்சுமேல் பூச்சாக ஏறி விமானம் தேங்காய் கனம் கனத்தது. கொடி தொய்ந்து ஆவுடையப்பன் மூக்குக்கு நேரே வந்துவிட்டது.

“வானம் ஒரு நிலையில நிக்க மாட்டேங்குதே. மாமா எந்த வானத்தைக் கேட்டாரு?”

“அவரு பாக்குற நேரத்து வானத்தை.”

“அது இன்னும் வரலையே!”

கடைசியில் மாசானம்தான் வழி சொன்னான். அடிப்பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டிவிட்டால் எந்த நேரத்து வானமும் தானாக வந்துவிடும். ஒட்டினார்கள். தலையோடு தலை சேர்த்துப் படுத்து அண்ணாந்து பார்த்தவர்கள் அலறியடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தார்கள்.

“மேலேருந்து மூணு பேரு வேவு பாக்காங்கல!”

“ஜெர்மன்காரனுவளா?”

“மூஞ்சியப் பாத்தா அவ்வளவு வெவரமாத் தெரியல.”

“அது கெடக்கட்டும். விமானம் தெரிஞ்சுதா?”

“விமானம் எங்க தெரிஞ்சுது? ஆளுவதான் தெரிஞ்சாங்க.”

“அப்ப நிறம் சரிதான்,” என்று செயலாளர் அறிவித்தார்.

இனி மேல்பக்கம். ஜெர்மனித் தரைக்கு எங்கே போவது என்று மாசானம் கவலைப்பட்டான். மாமா ஜெர்மனியிலிருந்தா பார்க்கப்போகிறார், தன் வீட்டு மாடியிலிருந்துதானே பார்ப்பார் என்று பூதத்தான் தெளிவுபடுத்தினான். அங்கிருந்து குனிந்தால் தெரிவது கீரைப்பாத்தி.

மாமா மதியத் தூக்கம் போடும் நேரம் பார்த்து மூவரும் பின்பக்கமாகப் புகுந்தார்கள். இலை இலையாகப் பச்சையைப் பொருத்தினார்கள். இடையில் தெரிந்த மண்ணுக்கு மண், பூச்சி அரித்த ஓட்டைக்கு ஓட்டை. அடுக்களை ஜன்னலில் குழல்வாய்மொழி எட்டிப் பார்த்தாள். மூன்று ஆண்பிள்ளைகள் பிரஷ்ஷும் கையுமாகத் தன் கீரையை வணங்கிக்கொண்டிருப்பதைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டாள். ஆவுடையப்பன் பிரஷ்ஷை இறுக்கிப் பிடித்தான். இந்தப் பச்சை தப்பினால் ஆவணியில் அவள் வேறு வீட்டுக்குப் போய்விடுவாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணீர் பெயின்ட்டில் விழுந்து எழுபத்திரண்டாகிவிடக் கூடாதே என்று அடக்கிக்கொண்டான்.

நல்ல நாள் பார்த்து விமானத்தைப் பாத்தியில் வைத்துவிட்டு மாமாவை மாடிக்குக் கூட்டிப் போனார்கள்.

“எங்கல விமானம்?”

“கீழதான் மாமா இருக்கு.”

அவர் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். கீரைதான் தெரிந்தது. ஆவுடையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் தானும் எட்டிப் பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை.

“எங்க வச்சீரு வே?” என்றான் பூதத்தானிடம்.

“நீரு வச்சீருன்னுல்லா நெனச்சேன்.”

“நான்தான் வச்சேன்,” என்றான் மாசானம். “எங்கன்னு தெரியாத மாதிரி வச்சிருக்கேன்.”

எல்லோரும் இறங்கி மண்டியிட்டுத் தேடினார்கள். கீரை முழுக்கப் பிடுங்கியாகிவிட்டது. பொறுமை போன திருமலைக்கொழுந்து எழுந்து ஓரடி எடுத்து வைத்தார். சடக்கென்று ஒரு சத்தம். காலைத் தூக்கினார். அடியில் உடைந்த இறக்கையும் கண்ணாடிச் சில்லும்.

“மாமா!” ஆவுடையப்பன் இறக்கையைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “மாடியிலருந்து மட்டுமில்ல, காலுக்கடியில இருந்தும் உங்களுக்குத் தெரியலயே!”

அவர் காலடியைக் குனிந்து பார்த்தார். தான் சொன்ன சொல் ஒன்றுவிடாமல் நடந்திருந்தது. வாசல்படியில் குழல்வாய்மொழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ யுத்த விமானம் பார்த்த மனிதர், அன்றுதான் முதல்முறையாகத் தரையில் வைத்தே தோற்றார்.

“ஆவணியிலயே வச்சுக்கிடுவோம்,” என்றார் பெருமூச்சோடு. பிறகு, மாமனார்கள் வழக்கமாகச் சொல்லும் ஒன்றையும் சொல்லித் தொலைத்தார். “தாலி கட்டுற வரைக்கும் மாப்பிள்ளை மேல ஒருத்தர் கண்ணும் படப்படாது. கூட்டாளிங்கதான் பாத்துக்கிடணும்.”

சங்கம் உடனே கூடியது.

கல்யாணத்தன்று மண்டபமே அமர்க்களப்பட்டது. நாதஸ்வரக்காரருக்கு மூச்சு வாங்கியது. முகூர்த்தம் நெருங்கிவிட்டது, மாப்பிள்ளையைக் காணவில்லை. திருமலைக்கொழுந்து கிணறு முதல் கழிப்பறை வரை தேடிவிட்டு மேடைக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் கையெல்லாம் பச்சையாக இருவர் மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

“தெரியுதா வே?”

“ஒரு எழவும் தெரியல.”

“எழுபத்தொண்ணு?”

“எழுபத்தொண்ணுதான்.”

மேடையில் மாலையைப் பிடித்துப் பிடித்துக் கை வலித்துப்போன குழல்வாய்மொழி, கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று பக்கத்தில் நின்ற வாழைமரத்தில் அதை மாட்டினாள். மாலை கச்சிதமாகக் கழுத்தில் போய் உட்கார்ந்தது.

ஆவுடையப்பனுக்குப் புல்லரித்தது. நான் இங்கேதான் இருக்கிறேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் மூச்சுக்கூட விடவில்லை. வாழ்க்கையில் இப்போதுதான் நிறம் சரியாக வந்திருக்கிறது, அதை எப்படிக் கெடுக்க மனசு வரும்?