மருந்துப் பெட்டிச் சாவி

பழனிக்கு நடந்து போகிறவர்களுக்காக ரோட்டோரம் ஒரு முதலுதவிப் பந்தல் போட்டிருந்தார்கள். நர்ஸ் ஜெசிந்தாதான் அங்கே சொல்லிக் கொடுக்கிறவள். கற்றுக்கொள்ள வந்த வெள்ளைத்தாய்க்கு அவளைவிடப் பதினைந்து வயது கூட.

காலையிலிருந்து குனிந்து குனிந்து கொப்புளங்களுக்கு மருந்து போட்டதில் இருவருக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

மூன்று மணிக்குப் பந்தல் வாசலில் ஒருத்தன் விழுந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது.

"இரும்பு! யாராச்சும் இரும்பு குடுங்க!" என்று கத்திக்கொண்டே, கூட வந்த அவன் அப்பா அவன் பல்லிடுக்கில் கரண்டியைத் திணிக்கப் பார்த்தார்.

"பல்லு உடைஞ்சிரும், எடுங்க ஐயா. இரும்பெல்லாம் சும்மா," என்றாள் வெள்ளைத்தாய்.

"பெத்தவன் நானா, நீயா?"

ஜெசிந்தா மருந்துப் பெட்டிச் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து உருவி அவரிடம் நீட்டினாள்.

"ஐயா, இதை உங்க மகன் கையில வைங்க. ரெண்டு கையாலயும் பொத்திக்கங்க. அழுத்தாம."

கரண்டி கீழே விழுந்தது.

ஜெசிந்தா துண்டை மடித்து மகனின் தலைக்கடியில் வைத்தாள். பக்கத்தில் கிடந்த கல்லைத் தள்ளினாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸக் கூப்பிடுங்கக்கா."

மூன்றாவது நிமிஷம் வலிப்பு நின்றது. அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். மூச்சு சீராக வந்தது. அப்படியே அசந்துவிட்டான்.

"பாத்தியாம்மா? இரும்பு!" என்றார் அப்பா, வெள்ளைத்தாயைப் பார்த்து.

வெள்ளைத்தாய் ஜெசிந்தாவை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ஏன் சிஸ்டர், பரீட்சையில வலிப்புக்குச் சாவி குடுக்கணும்னு எழுதுனதுக்கு எனக்கு முட்டை போட்டீங்களே?"

"போட்டேன்."

"அப்ப இது?"

ஜெசிந்தா வீங்கிப்போன காலை நீட்டி உட்கார்ந்தாள்.

வரிசையில் ஒருவர் குரல் கொடுத்தார். "எம்மா, மருந்து போடுவீங்களா? இல்ல, கொப்புளத்தோடயே முருகனைப் பாத்துக்கவா?"

"பெட்டியத் திறக்கணும் சிஸ்டர். நான் போயி சாவிய வாங்கியாறேன்."

"கொஞ்சம் பொறுங்கக்கா."

"அதான் நின்னுருச்சே?"

ஜெசிந்தா அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். மகன் தூங்கிக்கொண்டிருந்தான். அப்பாவின் கைக்குள் சாவிக்கொத்து கிலுகிலுவென்று ஆடிக்கொண்டே இருந்தது.

"மகனுக்கு நின்னுருச்சு," என்றாள். "அவருக்கு இன்னும் நிக்கலை."