பெரிய மட்டையின் குல்லா

ஊட்டிப் பக்கத்துக் கோல்ஃப் கிளப் ஒன்றில் போஜன் என்றொரு கேடி இருந்தான். ஆடுகிறவர்களின் மட்டைப் பையைச் சுமப்பதும், எந்த அடிக்கு எந்த மட்டை என்று எடுத்து நீட்டுவதும் அவன் பிழைப்பு. ஒருநாள் நடந்த போட்டியில் மில் முதலாளி தணிகாசலத்துக்குச் சுமந்தான். கடைசிக் குழி வரை முதலாளிதான் முன்னணி. அங்கே பந்தைக் குளத்துக்குள் அடித்துக் கோப்பையைக் கோட்டை விட்டார்.

நேரே கிளப் செயலாளர் மாதையாவிடம் போய்க் கத்தினார். "சின்ன மட்டை கேட்டேன். இந்தத் தடியன் பெரிய மட்டையைக் கையில திணிச்சுக் கெடுத்துட்டான். இவன் வேலையைப் பிடுங்குங்க!"

"பையை ஒப்படைச்சுட்டுக் கிளம்பு," என்றார் செயலாளர்.

போஜன் பையைக் கீழே இறக்கினான். மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். "எல்லாம் இருக்கு சார். பெரிய மட்டையோட தலைக்கு மாட்டுற கம்பளிக் குல்லாதான் காணோம்."

"அதையும் திருடிட்டியாடா?" என்று பாய்ந்தார் முதலாளி.

"மட்டையை உருவுறவங்கதானே குல்லாவைக் கழட்டித் தங்க பாக்கெட்ல சொருகிக்குவாங்க? மட்டையை நான் உருவியிருந்தா குல்லா என்கிட்டதான் இருக்கும். சோதிச்சுக்குங்க சார்."

மாதையா சோதித்தார். பீடிக்கட்டும் ஈரத்துண்டும்தான் இருந்தன.

"இப்ப முதலாளியைக் கொஞ்சம் திரும்பச் சொல்லுங்க."

தணிகாசலம் திரும்பவில்லை. மாதையாவே சுற்றிப் போய்ப் பார்த்தார். முதலாளியின் பின்பாக்கெட்டிலிருந்து குல்லாவின் சிவப்புக் குஞ்சம் தொங்கிக்கொண்டிருந்தது.

போஜன் அதைப் பணிவாக உருவி மட்டைக்கு மாட்டினான். "பை சரியா இருக்கு சார். நான் கிளம்பட்டுமா?"

"நீ இருப்பா," என்றார் மாதையா. "முதலாளி கிளம்புறார்."