அடுத்த அறையில் மரத்தாளம்

கொரிய நாட்டு மலையொன்றில் பிக்குணிகள் மடம் ஒன்று இருந்தது. ஒருநாள் அங்கே ஒரு கிழங்கு காணாமல் போனது. சாதாரணக் கிழங்கு இல்லை, காட்டு ஜின்செங் என்னும் அரிய மருந்துக் கிழங்கு. நோயில் கிடந்த மூத்த பிக்குணிக்காக ஊர்க்காரர்கள் மலையெல்லாம் அலைந்து தேடிக் கொடுத்தது.

எல்லோரையும் விசாரித்தார்கள். சமையல் பார்க்கும் மியோங்சு பதில் சொல்லும்போது முதல் எழுத்தை இழுத்தாள். அவ்வளவுதான், தோஜினுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

தோஜின்தான் மரத்தாளம் தட்டி மடத்தில் ஓதலை நடத்துபவள். ஓதும்போது யார் ஓர் எழுத்தைக் கொஞ்சம் கூடுதலாக நீட்டினாலும் கண்டுபிடித்துவிடுவாள். அந்தக் காதைப் பற்றி அவளுக்கே ரொம்பப் பெருமை. விசாரணைக்குப் பிறகு மியோங்சு சோறு என்றாலும் தண்ணீர் என்றாலும் அந்தக் காதுக்குத் திருட்டாகத்தான் கேட்டது. பாவம், அவள் கும்பிட்டால்கூடத் தோஜின் அவள் கைகளைத்தான் உற்றுப் பார்த்தாள்.

கடைசியில் குரு ஹேவோனிடம் போனாள். குருவைவிடச் சிஷ்யைக்கு இரண்டு வயது கூட. மடத்தில் அதெல்லாம் செல்லாது.

“மியோங்சுவை மடத்தைவிட்டு அனுப்பிவிடுங்கள், அம்மா.”

“பனி இறங்கிவிட்டது. மலைக்குக் கீழே அவளுக்கு யாரும் இல்லையே.”

“அதற்கு நாம் என்ன செய்வது? திருடினவள் போகத்தான் வேண்டும்.”

“அவள்தான் திருடினாள் என்று எப்படித் தெரியும்?”

“பேச்சு இழுக்கிறது. வாக்கியத்தின் கடைசியில் இழுத்தால் நம் பேச்சில் யாருக்கும் உறுத்தாது. இவள் எடுத்த எடுப்பிலேயே இழுக்கிறாள். உள்ளே ஒன்றை மறைத்து வைத்திருப்பவர்கள்தான் அப்படித் தடுமாறுவார்கள்.”



“நாளைக் காலை வா. சோதித்துப் பார்த்துவிடலாம்” என்றார் குரு.

மறுநாள் தோஜின் போனபோது, குருவின் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே இருந்த காகிதக் கதவு சாத்தியிருந்தது.

“யாத்திரைக்கு வந்த பார்வையற்ற அம்மாள் ஒருவர் உள்ளே இருக்கிறார்” என்றார் குரு. “இங்கே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. உன் மரத்தாளத்தை அவரிடம் கொடுத்திருக்கிறேன். ஆரம்பத்திலேயே பேச்சு இழுபடுவது கேட்டால் தட்டச் சொல்லியிருக்கிறேன்.”

தோஜினுக்கு உள்ளூர மகிழ்ச்சி. அப்படியானால் மியோங்சுவும் உள்ளேதான் இருப்பாள், அந்த அம்மாள் அவளிடம் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார். குரல் கேட்கவில்லை. அது என்றைக்கு வெளியே கேட்டது? கள்ளி எப்போதுமே முணுமுணுப்பாகத்தானே பேசுவாள்.

“உன்னிடம் சில விஷயங்கள் கேட்க வேண்டும்” என்றார் குரு. “கிழங்கை அலமாரியில் வைத்தது யார்?”

“நாஆன்தான் வைத்தேன்.”

டொக்.

தோஜின் முகம் மலர்ந்தது. “கேட்டீர்களா அம்மா? மாட்டிக்கொண்டாள்.”

“வைத்துவிட்டுப் பூட்டினாயா?”

“பூஉட்டினேன். பூட்டியிருப்பேன்.”

டொக்.

“மறுபடியும்! எவ்வளவு புளுகுகிறாள் பாருங்கள்.”

“சாவி யாரிடம் இருந்தது?”

“சாஆவி என் இடுப்பில்தான் இருந்தது. ஏஎன் அம்மா என்னை இப்படிக் கேட்கிறீர்கள்?”

டொக். டொக்.

“போதும் அம்மா, இதற்கு மேல் என்ன வேண்டும்? இன்றைக்கே அவளை அனுப்பிவிடுங்கள்.”

குரு எழுந்துபோய்க் காகிதக் கதவைத் தள்ளினார்.

உள்ளே, மடியில் மரத்தாளத்தோடு அந்த அம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே, முற்றத்தில், மியோங்சு குனிந்து விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“முடிந்ததா அம்மா?” என்று கேட்டார் பார்வையற்றவர். “உங்களோடு பேசினவர் யாரோ, நல்லவர்போல இருக்கிறது. ஏதோ பதற்றம். தட்டத் தட்ட எனக்கே பாவமாக இருந்தது.”

தோஜின் வாய் திறந்தாள். எந்த எழுத்தில் தொடங்குவது என்று பயமாக இருந்தது. மூடிக்கொண்டாள்.

குரு மரத்தாளத்தை வாங்கி அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“பனி இறங்கிவிட்டது, தோஜின். மலைக்குக் கீழே உனக்கு யாராவது இருக்கிறார்களா?”