கொட்டாங்குச்சிக்குள் ஒரு தகப்பன்

முள்மூக்கனுக்கு உடம்பெல்லாம் அலுத்துப் போயிருந்தது. வால் வலித்தது. துடுப்பு வலித்தது. மூக்கின் மேல் முளைத்திருந்த முட்கள்கூட வலிப்பதுபோல் இருந்தது.

அவன் ஒரு சக்கர் மீன், கண்ணாடியில் வாயை ஒட்டிப் பாசி தின்கிற சாதி. ஒரு வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடித் தொட்டிதான் அவனுக்கு ஊர், உலகம் எல்லாம். தொட்டியின் மூலையில் கூழாங்கற்களின் மேல் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதற்கு ஒரே ஒரு வாசல். உள்ளே தலையும் வாசலில் வாலுமாக முள்மூக்கன் கிடந்தான்.

உள்ளே, ஓட்டுச் சுவரில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கொத்து முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவனுடைய முதல் பிள்ளைகள். முட்டையிட்டு முடித்ததுமே மனைவியை அவன் விரட்டிவிட்டான். சண்டை ஒன்றும் இல்லை. அந்தக் குலத்தில் அதுதான் வழக்கம். தாய் இடுவாள், தகப்பன் பார்த்துக்கொள்வான். அவளும் முகம் சுளிக்காமல் போய் மரக்கட்டைக்கு அடியில் நிம்மதியாகப் படுத்துக்கொண்டாள்.

பார்த்துக்கொள்வது என்றால் கண்ணால் பார்ப்பது இல்லை. துடுப்பை விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். முட்டைக்கும் மூச்சு உண்டு. தண்ணீர் ஓடினால்தான் அது மூச்சு விடும். தண்ணீர் நின்றால் முட்டை வெளுக்கும். வெளுத்த முட்டையில் பஞ்சுபோலப் பூஞ்சை பிடிக்கும். அது பக்கத்து முட்டைக்கும் தாவும். அதனால் முள்மூக்கன் தின்னாமல், கண் அசராமல் விசிறினான். விசிறி விசிறி ஓய்ந்து போனான்.

ஆனால் வெளியே இருப்பவர்களுக்கு என்ன தெரியும்? வாசலில் ஒரு வால் தெரியும், அவ்வளவுதான். குடிசைக்குள் ஒருத்தன் குப்புறப் படுத்துக் கிடக்கிறான் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

கறுப்பு மாலி மீனுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவள் பெயர் மையழகி. அந்தத் தொட்டியில் எல்லோர் வீட்டுச் சங்கதியும் அவள் வாயில்தான் இருக்கும்.

"என்ன அண்ணே, இன்னும் படுக்கைதானா?" என்று வாசலில் வந்து நின்றாள். "கண்ணாடி பூரா பாசி ஏறிக் கிடக்கு! டிவியில என்ன ஓடுதுன்னே தெரியல! நீங்கதானே அதைத் துடைக்கணும்?"

முள்மூக்கன் விசிறிக்கொண்டே இருந்தான்.

"பிள்ளை பெத்தா இப்படியா படுத்துக்குவாங்க? எங்களைப் பாருங்க! பெத்தோமா, விட்டோமான்னு இருக்கோம். முட்டையா இல்லாம குஞ்சாவே பிறக்குது, பிறந்ததுமே நீந்திக்கிட்டுப் போயிடுதுங்க!"

பெற்றதில் பாதியை அவளே விழுங்கிவிட்டதை மட்டும் சொல்லவில்லை. அதெல்லாம் யார் சொல்வார்கள்?

நான் படுத்திருக்கவில்லை, வேலை செய்கிறேன் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. களைப்பு பாதி, வீம்பு பாதி. 'பார்த்தால் தெரியாதா? இதையெல்லாம் வாய்விட்டு வேறு சொல்ல வேண்டுமா?' என்று மனதுக்குள் குமைந்துகொண்டே விசிறினான்.

அப்போதுதான் வீட்டுக்கார அம்மா தொட்டியின் மூடியைத் திறந்து ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டார். அது மெல்ல இறங்கி, எதிர் மூலையில் போய் உட்கார்ந்தது.

முள்மூக்கனுக்கு வாசனை வந்தது. கடைசியாக எப்போது தின்றோம் என்றுகூட அவனுக்கு நினைவில்லை. துடுப்பு ஒரு கணம் தடுமாறி மறுபடி ஆடியது.

வாசலில் தெரிந்த வால் துவள்வதை மஞ்சக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு நத்தை. எலுமிச்சம்பழம் அளவுக்கு மஞ்சள் ஓடு, அதற்குள் தங்கமான மனசு. யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் முதல் ஆளாகப் புறப்படுவாள். போய்ச் சேருவது என்னவோ கடைசியில்தான்.

"தம்பி, நீ போய் ரெண்டு வாய் தின்னுட்டு வா," என்றாள். "பிள்ளைங்களை நான் பார்த்துக்கிறேன்."

"நீயாக்கா?"

"ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?"

"அதுக்கில்ல... முட்டைய நீ தின்னுட மாட்டியே?"

"ஐயோ! நான் தொடக்கூட மாட்டேன்டா! ஒருத்தரையும் உள்ள விடமாட்டேன், போதுமா?"

முள்மூக்கனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. "சரிக்கா, பார்த்துக்கோ," என்றான். அவ்வளவுதான் சொன்னான். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று அவனும் விளக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

வெள்ளரித் துண்டை அடைந்து வாயை ஒட்டினான். குளிர்ச்சியாக, இனிப்பாக இருந்தது. இரண்டு வாய்தான் தின்றான். மூன்றாவது வாய் தின்பதற்குள் அப்படியே கண் சொருகிவிட்டது. பாவம், பகல் முழுக்க அங்கேயே தூங்கிப் போனான்.

இங்கே மஞ்சக்கா தன் காவலைத் தொடங்கினாள்.

காவல் என்றால் நத்தைக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆபத்து என்றால் உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்துவது. அவளுடைய அம்மாவும் அப்படித்தான் பிழைத்தாள், அவளும் அப்படித்தான் பிழைத்து வந்தாள். ஆகவே, கொட்டாங்குச்சியின் வாசலில் தன் ஓட்டைப் பொருத்தி, இடுக்கு இல்லாமல் நெருக்கி உட்கார்ந்துகொண்டாள்.

மையழகி வந்து மூக்கை நுழைக்கப் பார்த்தாள்.

"கொஞ்சம் நகருங்கக்கா! சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போறேன்!"

"மாட்டேன்! உன் வாயைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

மையழகி முறைத்துவிட்டுப் போனாள். மஞ்சக்காவுக்குப் பெருமையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்தாள்.

முள்மூக்கன் திடுக்கிட்டு விழித்தான். பாய்ந்து வந்தான். வாசல் இருந்த இடத்தில் வாசலே இல்லை, மஞ்சள் ஓடுதான் இருந்தது.

"அக்கா! நகரு! சீக்கிரம் நகரு!"

நத்தைக்கு ஏது சீக்கிரம்? அவள் உடம்பை வெளியே நீட்டி, அசைந்து, நகர்ந்து முடிப்பதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"ஏன்டா பதறுற? ஒருத்தரையும் உள்ள விடலையே! ஒரு தூசி போகல!"

"தண்ணி?" என்றான் முள்மூக்கன். "தண்ணி போச்சாக்கா?"

மஞ்சக்காவுக்குப் புரியவில்லை.

அவன் உள்ளே நுழைந்தான். ஆரஞ்சு நிறத்தில் இருந்த கொத்தில் பெரும்பகுதி வெளுத்திருந்தது. அவன் அழவில்லை. அழவும் தெம்பு வேண்டுமே! வெளுத்த முட்டைகளை ஒவ்வொன்றாக வாயால் பிடுங்கி வெளியே துப்பினான். தான் பெற்ற பிள்ளைகளைத் தானே பொறுக்கி எறிவதுபோல் ஒரு கொடுமை உண்டா? ஆனாலும் எறிந்தான். எறியாவிட்டால் மிச்சமும் போய்விடும். அடியில் ஒரு கைப்பிடிக்கும் குறைவாக ஆரஞ்சு தெரிந்தது. அதன்மேல் குனிந்து, மறுபடி விசிறத் தொடங்கினான்.

வாசலில் உருண்டு வந்து விழுந்த வெள்ளை முட்டைகளைப் பார்த்து மஞ்சக்கா விம்மினாள். "நான்தான் கொன்னுட்டேனா? நல்லாத்தானேடா காவல் காத்தேன்!"

அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் முள்மூக்கன் வாயைத் திறந்தான். ஆனால் வேறு சொன்னான்.

"நீ என்னக்கா பண்ணுவ? நான் படுத்திருக்கேன்னுதானே எல்லாரும் நினைச்சீங்க. நான் விசிறிக்கிட்டு இருந்தேன். தண்ணி அசையலைன்னா இதுங்க செத்துப்போகும். போகும்போது அதை உன்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல."

"எனக்கு விசிற வராதேடா," என்றாள் மஞ்சக்கா. துடுப்பே இல்லாத தன் உடம்பை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "வேற என்ன வேலைடா மிச்சம் இருக்கு உனக்கு?"

"கண்ணாடி," என்றான் அவன். "பாசி."

"அது எனக்கு வரும்!"

அன்றே மஞ்சக்கா கண்ணாடியில் ஏறினாள். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே, பாசியைத் தின்றுகொண்டே ஊர்ந்தாள். நடுவில் கீழே இறங்கி, வெள்ளரித் துண்டைக் கொட்டாங்குச்சி வரைக்கும் முட்டித் தள்ளிவிட்டும் போனாள். முள்மூக்கன் உடம்பைத் திருப்பி, வாலை உள்ளே ஆட்டிக்கொண்டே, தலையை மட்டும் வெளியே நீட்டி அதைத் தின்றான்.

முட்டைகள் பொரிந்தன. வயிற்றில் ஆளுக்கொரு மஞ்சள் மூட்டையோடு குஞ்சுகள் கொஞ்ச நாள் உள்ளேயே நெளிந்தன. மூட்டை கரைந்ததும் ஒவ்வொன்றாக வெளியே வந்து, கண்ணாடியில் குட்டி வாயை ஒட்டிக்கொண்டன.

மையழகி ஓடி வந்தாள். "இவ்வளவுதானா? இத்தனை நாள் படுத்துக் கிடந்ததுக்கு இந்த நாலு குஞ்சுதானா?"

முள்மூக்கன் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கண்ணாடியின் உச்சியிலிருந்து மஞ்சக்காவின் குரல் வந்தது.

"அவன் படுத்துக் கிடக்கலடி! அவன் விசிறுனதால வந்த பிள்ளைங்க இதுங்க. வராம போனதெல்லாம், என்ன வேலைன்னு கேக்காம நான் செஞ்ச உதவியால போனது!"

மையழகி மெல்ல நழுவிப் போனாள். முள்மூக்கன் காலியான கொட்டாங்குச்சிக்குள் போய், முதன்முறையாக, உண்மையாகவே படுத்துக்கொண்டான்.

களைத்தவனுக்குக் கைகொடுக்க வருகிறவர் அவன் செய்யும் வேலை என்னவென்று முதலில் கேட்க வேண்டும். களைத்தவனும் வீம்பு பார்க்காமல் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.