மேல்செலவுக்கு ஒரு கோடு

ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு கட்டணம் போட்டு ரசீது அனுப்பிவிடுவார்கள்.

ஆராய்ச்சிக்கு அரசு நூறு ரூபாய் கொடுத்தால், அங்கே நிர்வாகம் நாற்பதை எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல்செலவு என்று பெயர். மேலே இருப்பவர்கள் எடுப்பதால்தான் அந்தப் பெயர் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அந்தப் பணத்தில் கட்டிய நுழைவு வளைவின் உயரத்தைக் கேளுங்கள்: மழை மேகங்கள் அதில் இடித்துக்கொண்டு, இரண்டு நாள் தாமதமாகத்தான் ஊருக்குள் வந்தன.

ஒருநாள் அரசிடமிருந்து கடிதம் வந்தது. மேல்செலவுக்கு உச்சவரம்பு வைக்கப்போகிறோம், எவ்வளவு என்று ஆராய்ச்சியாளர்களே சொல்லுங்கள்.

சொல்லும் வேலை அங்கயற்கண்ணியின் தலையில் விழுந்தது. தாவர நோய்த் துறைத் தலைவி. வாழையை அழிக்கும் பூஞ்சையைப் பதினோரு வருடமாக ஊர் ஊராகச் சேகரித்து ஃப்ரீசரில் வைத்திருந்தாள். முழுப் பணமும் கைக்கு வந்தால் அடுத்த வருடமே அதற்குக் கண்டுபிடித்த மருந்தைத் தோட்டத்தில் போட்டுப் பார்த்துவிடலாம்.

நண்பகலில், தனக்கு ஆராய்ச்சி சொல்லிக்கொடுத்த வேதமுத்துவின் வீட்டுக்கு வந்தாள். கையில் அச்சிலிருந்து திருத்தத்துக்கு வந்த தன் ஆராய்ச்சி அறிக்கை.

"சார், மேல்செலவு சைபர்னு எழுதப்போறேன். நாலு மணிக்குள்ள அனுப்பணும்."

"எழுதேன். அதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வந்தே?"

"உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா நிம்மதி."

வேதமுத்து அறிக்கையை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"எனக்கு ஒருதரம் அரசாங்கம் யானை கொடுத்துது, தெரியுமா?"

"கதை விடாதீங்க சார்."

"கேளும்மா. பதிவாளர் ஆபீஸ்ல தும்பிக்கையை எடுத்துக்கிட்டாங்க. நிதிப் பிரிவுல நாலு காலையும். என் ரூமுக்கு வால் மட்டும் ஆடிக்கிட்டே வந்துது. விடுவேனா? போட்டேன் சண்டை. அடுத்த யானை முழுசா வந்துது."

"அப்புறம்?"

"கேட்டுக்கு வெளியிலயே நின்னுது. திறந்துவிட ஆள் இல்லை. வாட்ச்மேன் சம்பளம் பழைய தும்பிக்கையிலேருந்துதான் போயிருக்கு."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நாலு வருஷம் முன்னாடி புயல்ல ஆறு நாள் கரண்ட் இல்லை. உன் ஃப்ரீசர் எப்படி ஓடுச்சு?"

"நான் ஊர்ல மாட்டிக்கிட்டேன் சார். வந்து பார்த்தா ஒண்ணுகூடக் கெடலை. கடவுள் புண்ணியம்."

"கடவுள் நம்பர் இருக்கா?"

"சார்!"

"மின்சார அறை நம்பர் இருக்கும்ல? அடி."

அடித்தாள். பால்ராசு எடுத்தார். குரலை அவளுக்குத் தெரியும், பெயரை அன்றுதான் கேட்டாள்.

"புயலப்பவா? நாந்தாம்மா ஜெனரேட்டரை ஓட்டினேன். ரோடு பூரா மரம். டீசலைக் கேன்ல பிடிச்சு சைக்கிள்ல கட்டி, மரத்துக்கு மரம் சைக்கிளைத் தூக்கித் தாண்டி வந்தேன்."

"ஏண்ணே எங்கிட்டச் சொல்லவே இல்லை?"

"நீங்க கேக்கலையேம்மா. ஆமா, அந்தப் பெட்டியில அப்படி என்ன இருக்கு?"

"வாழைக்கு வர்ற நோய்."

"அடக் கடவுளே! நோயையா ஆறு நாள் காப்பாத்தினேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்க சம்பளம் எதுலேருந்துண்ணே வருது?"

"மேல்செலவுலதான். கீழ கிடக்கிறவன் சம்பளத்துக்கு அப்படி ஒரு பேரு."

போனை வைத்துவிட்டு வேதமுத்துவின் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நாற்பதே இருக்கட்டுமா சார்?"

"வளைவுக்கு நன்றி சொல்லுவியா?"

"மாட்டேன்."

"பதிவாளர் ரூம் சோபாவுக்கு?"

"அதுல என்னை உட்காரச் சொன்னதே இல்லை."

வேதமுத்து புரட்டிவைத்திருந்த பக்கத்தை அவள் பக்கம் திருப்பினார். நன்றியுரை. அரசு, வேதமுத்து, கணவர், இறைவன் என்று நான்கே வரி. கீழே வெறும் தாள். பேனாவை எடுத்து நீட்டினார்.

"எழுது. பேரு தீர்ந்துபோற இடத்துல ஒரு கோடு போடு. கோட்டுக்கு மேல இருக்கிறவங்களுக்கு ஆகுற செலவைக் கணக்குப் போட்டு, அதையே வரம்புன்னு அனுப்பு."

பால்ராசு என்று எழுதினாள். அடுத்த வரியில் பேனா நின்றுவிட்டது.

"என்னம்மா?"

"குடுவை கழுவுற அம்மா... பதினோரு வருஷமா கழுவுறாங்க. பேரு தெரியலை சார்."

வேதமுத்து சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. போய்க் கேளு."