டீ கிளாஸில் ஏறிய முள்

போடியில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு முப்பது வயது. சீடருக்குப் பேரன் பிறந்து, அவனும் பள்ளிக்கூடம் போகிறான்.

குருவின் பெயர் சுருளியம்மாள். மதுரையில் ஒரு டீசல் பட்டறையில் வேலை கற்றுவந்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சொந்தமாகப் பட்டறை போட்டவர். சீடர் ராசாங்கம், ஜீப் டிரைவர். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் மலைக்கு ஏற்றிப் போவார், பொழுது சாயக் கூட்டிவருவார். முன்பெல்லாம் அவர் சுருளியம்மாளை 'தாயி' என்றுதான் கூப்பிடுவார். வேலை கற்க வந்த அன்றைக்கு அதை 'மேஸ்திரி' என்று மாற்றிக்கொண்டார். வேண்டாம் என்று குரு சொல்லிப் பார்த்தார். சீடர் கேட்கவில்லை.

அந்த வயதில் கற்க வந்ததற்குக் காரணம் இருந்தது. போன மழைக்காலத்தில் மலை ஏறும்போது மீட்டரில் சூட்டு முள் சிவப்புக்குப் போனது. இன்னும் ரெண்டு வளைவு தாண்டிப் பார்ப்போம் என்று ராசாங்கம் மிதித்தார். ரெண்டாவது வளைவில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பெண்கள் நனைந்துகொண்டே மலையிறங்கி நடந்தார்கள். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பிறகு குருவிடம் சொன்னார்.

பழைய வேன் ஒன்றின் எஞ்சினை வாங்கினார். குரு சொல்லச் சொல்ல, தன் கையாலேயே அதை ஜீப்பில் ஏற்றினார். கடைசியாக ஒயர் கொடுக்கிற வேலையைத் தனியாகவே முடித்துக்கொண்டு, வண்டியை வீட்டுக்கு ஓட்டிப் போனார்.

மீட்டரை மட்டும் அவர் மாற்றவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவர் மனைவி சந்தனமும் குங்குமமும் வைக்கிற மீட்டர் அது. அதைவிட, அன்றைக்கு மலையில் உண்மை சொன்ன மீட்டர்.

புது எஞ்சின் ஓடத் தொடங்கிய முதல் நாளே முள் சிவப்புக்குப் போனது. மறுநாளும் போனது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். ராசாங்கம் பானட் பக்கமே போகவில்லை. முள் சிவப்பைத் தொட்டால் எஞ்சினை அணைத்துவிட்டு, சாலையின் எதிர்ப்புறம் போய் நின்றுகொள்வார். முழுக்க ஆறின பிறகுதான் திரும்பி வருவார். குருவிடம் சொல்ல வெட்கம். சத்தம் காட்டாமல் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைக்கு வந்து, ஜீப் சாவியைக் குருவின் முன்னால் வைத்தார்.

"வித்துருங்க மேஸ்திரி. எடைக்குப் போட்டாலும் சரி."

"என்னண்ணே ஆச்சு?"

"இதுவும் சூடாகுது. இந்த வாரம் பூரா மலையடிவாரத்தைத் தாண்டல. நாளைக்கும் மேல போகலைன்னா எல்லாரும் வேற ஜீப்புக்கு மாறிக்கிறோம்னு ஒச்சம்மா சொல்லிருச்சு. அதைக் குத்தம் சொல்ல முடியாது. மழையில நடந்த பொம்பளைங்கள்ல அதுவும் ஒண்ணு."

"என்னென்ன மாத்துனீங்க?"

"ரேடியேட்டரு, தண்ணி பம்பு, தெர்மோஸ்டாட்டு, விசிறி."

"டிரைவரைத் தவிர எல்லாத்தையும் மாத்திட்டீங்க."

"அதைத்தான் நாளைக்கு அவங்க மாத்தப்போறாங்க."

குரு சிரிக்கவில்லை. சீடரின் முகம் அப்படி இருந்தது.

"தண்ணி கொதிச்சுச்சா?"

"முள் சிவப்புக்குப் போயிருச்சு."

"நான் முள்ளைக் கேக்கலண்ணே. தண்ணியைக் கேக்குறேன்."

ராசாங்கம் யோசித்தார். "கொதிக்கிற வரைக்கும் விட்டாத்தானே மேஸ்திரி."

"மேட்டுல மட்டும்தான் இப்படியா?"

"சமதரையிலயும் இப்படித்தான். காலைப் பனின்னாலும் சரி, மத்தியான வெயில்னாலும் சரி, கிளம்பிக் கொஞ்ச தூரத்துல சிவப்புல போய் உக்காந்துக்குது."

குரு எழுந்தார். அலமாரியில் துழாவி எதையோ எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"வாங்க. முந்தல்ல போய் டீ குடிப்போம்."

"இந்த ஜீப்புலயா?"

"பின்னே, நடந்தா?"

முந்தல் மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்துதான் வளைவுகள் தொடங்குகின்றன. டீக்கடை கண்ணில் படும்போதே முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ராசாங்கம் ஓரங்கட்டினார், எஞ்சினை அணைத்தார், பழக்கதோஷத்தில் சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போனார்.

"இங்க வாங்கண்ணே."

"வெடிச்சிரும் மேஸ்திரி."

"நான் நிக்கிறேன்ல."

அவர் தயங்கித் தயங்கி வந்தார். குரு பானட்டைத் திறந்தார். பாட்டில் தண்ணீரைக் கையில் ஊற்றி, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற வாயில், இரும்பின் மேல் தெளித்தார். சத்தமே இல்லை. துளிகள் வழிந்து, மெதுவாகக் காய்ந்தன.

"இது தோசைக்கல்லுன்னு வச்சுக்கங்க. மாவு ஊத்துவீங்களா?"

ராசாங்கம் குனிந்து பார்த்தார். "இன்னும் காயல மேஸ்திரி."

"சரி."

"ஆனா முள்ளு..."

"டீ சொல்லுங்க. ரெண்டு."

டீ வந்தது. குரு பையிலிருந்து விரல் நுனி அளவுள்ள ஒரு பித்தளைத் துண்டை எடுத்தார். எஞ்சினின் சூட்டை அளந்து மீட்டருக்குச் சொல்கிற சென்சார் அது. ஜீப்பின் எஞ்சினில் இருந்ததும் இதே ரகம்தான். எஞ்சினில் இருந்த சென்சாரின் ஒயரைக் கழற்றி, கையிலிருந்ததில் மாட்டினார். இன்னொரு ஒயரால் அதை ஜீப்பின் இரும்போடு இணைத்தார்.

"உள்ள உக்காந்து சாவியைப் போடுங்க. எஞ்சினைக் கிளப்ப வேண்டாம். முள்ளை மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"கீழே இறங்கிருச்சு."

குரு ஒரு கிளாஸ் டீயில் சென்சாரை இறக்கினார்.

ராசாங்கம் முள்ளின் பக்கம் குனிந்தார்.

"ஏறுது" என்றார் ராசாங்கம். பிறகு, "பாதிக்கு வந்துருச்சு." பிறகு மெதுவாக, "சிவப்பு."

குரு இன்னொரு கிளாஸை ஜன்னல் வழியாக நீட்டினார். "ரெண்டும் ஒரே கெட்டில் டீ. குடிங்க."

அவர் குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"குடிக்கிற சூடு."

"கொதிக்குதா?"

"இல்ல."

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னங்க, டீயில குறையா?"

"ஒரு குறையும் இல்லண்ணே" என்றார் குரு.

ராசாங்கம் முள்ளையும் கையிலிருந்த கிளாஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல. சென்சார் வேன் எஞ்சினோடது. மீட்டர் பழைய ஜீப்போடது. இது ஒரு கணக்குல சொல்லுது, அது வேற கணக்குல காட்டுது."

ராசாங்கம் ஜீப்பிலிருந்து இறங்கிப் படியில் உட்கார்ந்தார். முதலில் சிரித்தார். மாற்றிப்போட்ட ரேடியேட்டரும் பம்பும் நினைவுக்கு வர இன்னும் சிரித்தார். பிறகு தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்க அவ்வளவு நேரம் பிடித்தது. குரு டீக்காரரிடம் இன்னொரு கிளாஸ் வாங்கி, தன் டீயை அவசரமில்லாமல் குடித்தார்.

"மேல போவோமா?" என்று கேட்டார்.

"சிவப்புல இருக்கையிலயா?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஒயரைப் பழையபடி எஞ்சினின் சென்சாரில் மாட்டிவிட்டுப் போனார்கள். முள் சிவப்பிலேயே இருந்தது. பாதி மலையில், முன்பு எஞ்சின் இறுகின அதே வளைவில், குரு வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். பானட்டைத் திறந்து, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைத் தெளித்தார். துளிகள் சத்தமில்லாமல் வழிந்தன. ஜீப் மறுபடி கிளம்பியது. மலை உச்சியில் இருக்கிற மெட்டுக்கு வந்து சேர்ந்தபோது குளிர் காற்று அடித்தது. கீழே போடி சின்னதாகத் தெரிந்தது.

ராசாங்கம் செல்போனை எடுத்து ஒச்சம்மாவைக் கூப்பிட்டார். "மெட்டுல நிக்கிறேன்மா. ஆமா, நம்ம ஜீப்புலதான். காலையில நேரத்துக்கு வந்துருங்க." அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், போனில் தலையாட்டுவது தெரியாது என்கிற நினைப்பே இல்லாமல்.

"சாயங்காலம் எஞ்சினுக்கு ஏத்த மீட்டரைப் போட்டுருவோம்" என்றார் குரு.

"வீட்டுல சந்தனம் வைக்கிறது?"

"புதுசுலயும் வைக்கச் சொல்லுங்க."

ராசாங்கம் பழைய மீட்டரைத் துண்டால் துடைத்தார். அதன் மேல் அவருக்கு இன்னும் மரியாதை போகவில்லை.

"தாயி" என்றார். பல மாதம் கழித்து அந்தச் சொல் தானாக வந்தது. "அன்னைக்கு முள்ளு சொன்னதை நான் கேக்கல. எஞ்சின் போச்சு. இந்தத் தடவை அது சொன்னதையெல்லாம் கேட்டேன். பொழப்பே போகப் பாத்துச்சு. அப்ப அதை நான் கேக்கணுமா, கேக்கக்கூடாதா?"

"அன்னைக்கு இறங்கிப் பானட்டைத் தொறந்து பாத்தீங்களா?"

"இல்ல."

"இந்த வாரம்?"

"ஆறினப்புறம்தான்."

"நாளைக்கு?"

ராசாங்கம் காலியாகக் கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.