ஐம்பதுக்குக் கீழே

செய்யதலி பாத்திமாவிடம் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழி படிக்க வந்தவர்களில் வயதில் மூத்தவர் வேதமாணிக்கம். அவருக்கு ஐம்பத்தெட்டு. அவளுக்கு இருபத்தொன்பது. அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பெயர் சொல்லியே கூப்பிடலாம் என்று முதல் வாரத்தில் அவள் சொல்லிப் பார்த்தாள். முப்பது வருஷம் தன்னை எல்லோரும் சார் என்று கூப்பிட்டார்கள், அதில் பாதிப் பேர் வேண்டாவெறுப்பாகக் கூப்பிட்டிருப்பார்கள், தான் மனதாரக் கூப்பிடுவதை அவள் தடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே அந்த அறை. பதினொரு நாற்காலிகள். தொடங்கியபோது பதினொரு பேர் இருந்தார்கள். ஒருவனுக்கு வேலை கிடைத்தது. இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் ஆனது. மற்றவர்கள் காரணம் சொல்லாமல் நின்றுபோனார்கள். மூன்றாவது மாதத்திலிருந்து வேதமாணிக்கம் மட்டும் வந்தார்.

பாத்திமா காலை ஒன்பதரைக்குக் கதவைத் திறப்பாள். பலகையில் தேதி எழுதுவாள். வருகைப் பதிவேட்டை விரித்து அவர் பெயரை வாசிப்பாள். அவர் எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்பார். இருவரும் சிரிப்பதில்லை. ஒரு ஆளுக்காகவா இரண்டு ஃபேன் ஓடுகிறது என்று கீழே மருந்துக்கடைக்காரர் மட்டும் அவ்வப்போது கேட்பார்.

ஒருநாள் வருகை சொன்ன பிறகும் வேதமாணிக்கம் உட்காரவில்லை.

"யாரும் பாக்காத பாடத்த வச்சிருந்து என்ன செய்ய டீச்சர்?"

அவர் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். ஓய்வு பெறுவதற்கு முன் எட்டு வருஷம், வகுப்பு முடிந்த பிறகு கேமரா முன்னால் நின்று அதே பாடங்களை மறுபடியும் நடத்தி, ஒரு காணொளித் தளத்தில் ஏற்றியிருந்தார். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. சிலவற்றை ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள். பலவற்றைப் பத்துப் பேர்கூடப் பார்க்கவில்லை. அவற்றைப் பார்க்கும்போது, வகுப்பிலும் சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தோமோ என்று அவருக்குத் தோன்றத் தொடங்கியிருந்தது.

ஐம்பது பேருக்குக் கீழே பார்த்தவற்றை அழித்துவிட வேண்டும் என்றார். ஏன் ஐம்பது என்று பாத்திமா கேட்டாள். வகுப்பில் அறுபது பேர் இருப்பார்கள், பத்துப் பேர் எப்போதும் வரமாட்டார்கள், அதனால் ஐம்பது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கையாலேயே அழிக்க உட்கார்ந்திருக்கிறார். நீக்கவா என்று தளம் கேட்கும்போதெல்லாம் பக்கத்தில் அவர் முகமும் தெரிந்தது. மூன்றாவது முகத்தோடு மடிக்கணினியை மூடிவிட்டார்.

"நிரல் எழுதி அழிச்சிரலாம் டீச்சர். நிரலுக்கு முகம் தெரியாதுல்லா," என்றார்.

அவருடைய கேள்வியை அப்படியே வைத்துவிட்டு, பாத்திமா கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"எழுதுங்க சார்," என்றாள்.

அந்தத் தளத்தோடு நேரடியாகப் பேச ஒரு வழி உண்டு. ஏ.பி.ஐ. என்பார்கள். அதில் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் நமக்காகப் பார்த்துக்கொள்ள ஜாவாஸ்கிரிப்டில் யாரோ எழுதிவைத்த ஒரு நிரல்தொகுப்பு இருந்தது. லைப்ரரி என்பார்கள். பட்டியல் வேண்டும் என்றால் ஒரு வரி. எத்தனை பேர் பார்த்தார்கள் என்றால் ஒரு வரி. அழிக்க வேண்டும் என்றாலும் ஒரு வரிதான். மூன்றும் ஏறக்குறைய ஒரே நீளம். வேதமாணிக்கம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனைக்குக் கீழே என்று நிரல் கேட்கும். ஒவ்வொரு பாடத்தையும் அந்த எண்ணோடு ஒப்பிட்டு 'வை' அல்லது 'நீக்கு' என்று முடிவு சொல்லும். எழுதி முடிக்கப் பதினொன்றரை ஆகிவிட்டது. அழிக்கும் வரியை இப்போது சேர்க்க வேண்டாம், பார்ப்பதற்கு மட்டும் தளத்திடம் அனுமதி வாங்குங்கள், 'நீக்கு' என்று வருபவற்றின் தலைப்புகளை முதலில் வாசிப்போம் என்றாள் பாத்திமா. அவர் ஐம்பது என்று அடித்தார். பட்டியல் ஓடியது.

ஒவ்வொன்றாக அவர் உரக்க வாசித்தார். முதலில் குரல் நிதானமாக இருந்தது. நாற்பதாவது தலைப்பில் நின்றது.

அது அமிலங்களும் காரங்களும். அவர் பாடங்களிலேயே அதிகம் பேர் பார்த்தது. ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். அதன் பக்கத்தில் 'நீக்கு' என்று இருந்தது.

வேதமாணிக்கம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். லைப்ரரியில் ஏதோ கோளாறு என்றார்.

"கோளாறு ஒண்ணும் இல்ல சார். நீங்க சொன்னதத்தான் செஞ்சிருக்கு," என்றாள் பாத்திமா.

பார்த்தவர்களின் எண்ணிக்கையைத் தளம் எண்ணாக அனுப்புவதில்லை, எழுத்தாக அனுப்புகிறது. அவர் அடித்த ஐம்பதையும் நிரல் எழுத்தாகவே வாங்கி வைத்திருந்தது. எழுத்தையும் எழுத்தையும் ஒப்பிடச் சொன்னால் அது அகராதி வரிசையில்தான் பார்க்கும். லட்சத்துப் பதினெட்டாயிரம் ஒன்றில் தொடங்குகிறது. ஐம்பது ஐந்தில் தொடங்குகிறது. ஒன்று முன்னால் வருவதால் லட்சம் சின்னது. இதைச் சொல்லிவிட்டு, ஏழு பேர் பார்த்த பாடம் என்ன ஆயிற்று என்று பாருங்கள் என்றாள்.

அது தப்பித்திருந்தது. ஏழு ஐந்துக்குப் பின்னால்.

"முப்பது வருஷம் பேப்பர் திருத்துனவன்," என்றார் வேதமாணிக்கம். "இத விட்டுட்டேன் பாருங்க."

"சிவப்புப் பேனா தரட்டுமா சார்?"

அவர் முதல் முறையாகச் சிரித்தார். இரண்டையும் எண்ணாக மாற்றினார். மறுபடி ஓட்டினார். இம்முறை பட்டியல் சரியாக வந்தது. இருநூற்று முப்பத்தொன்று. அமிலங்களும் காரங்களும் அதில் இல்லை. ஏழு பேர் பார்த்தது இருந்தது. ஆறு பேர் பார்த்தது இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, மூன்று பேர் பார்த்த ஒன்று இருந்தது.

கொஞ்ச நேரம் முன்பு ஒரு தலைப்புக்காக நெற்றி வியர்த்ததையும், இந்த இருநூற்று முப்பத்தொன்றை வாசிக்கும்போது வியர்க்காததையும் அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அதைப் பாத்திமாவிடம் சொல்லவும் செய்தார். பெரிய எண்ணைக் கண்டு பயப்பட்டேனா, பாடத்தை நினைத்துப் பயப்பட்டேனா தெரியவில்லை என்றார்.

பிறகு அவர் அழிக்கவும் அனுமதி கேட்டார். தளம் கொடுத்தது. அழிக்கும் வரியைச் சேர்த்தார். ஓட்டுவதற்கு முன் திரும்பிப் பார்த்தார்.

"அழிச்சதத் திரும்பக் கொண்டுவர இதுல ஒரு வரி இருக்கா டீச்சர்?"

"இல்ல சார்."

அவர் தலையசைத்தார். விரல் என்டர் விசைக்குப் போனது.

"கொஞ்சம் இருங்க," என்றாள் பாத்திமா. "முடிவு சொல்ற பகுதிய மட்டும் இன்னொரு தடவ பாத்துருவோம்."

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். தளத்திடம் எதுவும் கேட்கவில்லை. எந்தப் பாடத்தின் பெயரையும் அடிக்கவில்லை. பார்த்தவர்களின் எண்ணிக்கை வர வேண்டிய இடத்தில் ஒரே ஒரு எண்ணை அடித்தாள்.

1.

திரையில் 'நீக்கு' என்று வந்தது.

நிரல் சரியாக வேலை செய்கிறது என்றார் வேதமாணிக்கம். பிறகு புருவத்தைச் சுருக்கினார்.

"எங்கிட்ட உள்ளதுலயே குறைஞ்சது மூணுதான். ஒரே ஆள் பாத்தது எதுவும் கிடையாதே. இது எந்தப் பாடம் டீச்சர்?"

பாத்திமா மேசைமேல் விரித்திருந்த, ஒரே ஒரு வருகை பதிந்த பதிவேட்டை மூடி வைத்தாள். எழுந்து போய்ப் பலகையைத் துடைத்தாள். தேதியை மட்டும் விட்டுவைத்தாள்.

"இப்ப இந்த ரூம்ல நடந்தது சார். மிச்சத்த நாளைக்கு ஒம்பதரைக்கு நடத்துதேன்."